சம்பந்தப்பட்ட பிராணி

செயலாளர் உதட்டில் விரலை வைத்து, மூச்சைக்கூடக் கொஞ்சம் மெதுவாக விடும்படி சைகை காட்டினார்.

கண்ணாடிக் கடைக்காரி ஏற்கனவே மூச்சு விடாமல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. வெளியே, மாடிப்படித் திருப்பத்தில், இருவரும் ஒரே கைப்பேசியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில், உள்ளே வைத்திருந்த கேமரா வழியாக, அவள் வீட்டுக் கூடம். சோபாவுக்கு அடியில் பாதியும் வெளியே பாதியுமாக மேனேஜர்.

மேனேஜர் என்பது நாய். எல்லோர் பின்னாலும் போய் நின்று, ஒரு வேலையும் செய்யாமல், கவலையோடு பார்த்துக்கொண்டே இருந்ததால் அவள் வைத்த பெயர்.

முன்பு வளர்த்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது திரைச்சீலைக் கம்பி வரைக்கும் கழற்றிக்கொண்டு, நாயை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாய்க் காப்பகத்திலிருந்து அவளிடம் வந்த புதிதில், பூட்டுச் சத்தம் கேட்டால் போதும், தெருமுனை வரைக்கும் ஊளை.

இன்று நடப்பது விசாரணை. குடியிருப்போர் சங்கம் இதற்கென்று மூவர் குழு அமைத்திருந்தது. ஒருவருக்கு மூட்டுவலி. இன்னொருவருக்கு டிவியில் மேட்ச். ஆகவே செயலாளர் தன்னைத் தானே தலைவராக முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, நான்காவது மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

அவர் பேசினால் சுற்றறிக்கைக்கு வாய் முளைத்தது போலிருக்கும். ‘சம்பந்தப்பட்ட பிராணி’ சாயங்கால வேளைகளில் ஊளையிடுவதாகத் தொடர்ந்து புகார் வருகிறதாம். அவர் காதால் ஒருமுறைகூடக் கேட்டதில்லையாம். அவர் சங்க வேலையாக வெளியே போயிருக்கும்போதுதான் நடக்கிறதாம். பிராணிக்குத் தன்மேல் ஒரு மரியாதை இருக்கலாம் என்று அடக்கத்தோடு சேர்த்துக்கொண்டார்.

இன்று ஒரே ஒரு ஊளை கேட்டாலும் மேனேஜர் காப்பகத்துக்குத் திரும்ப வேண்டும். அதுதான் தீர்மானம்.

அதன் பூட்டுப் பயத்தைப் போக்க அவள் படாத பாடு பட்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு எங்கும் போகாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பாள். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். கதவைப் பூட்டி, அது அழ ஆரம்பிப்பதற்குள் திறந்து, ஒன்றுமே நடக்காதது போல உள்ளே வருவாள். எதிர் வீட்டுக்காரர் இவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தன் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

பலனும் இருந்தது. கதவில் புதிய கீறல் இல்லை. மிதியடி முழுசாக இருந்தது. வேலை முடிந்து வந்தால் மேனேஜர் கொட்டாவி விட்டபடிதான் எழுந்து வருகிறது.

புகார் மட்டும் குறையவேயில்லை.

அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அழுத சுவடே தெரியாமல் அழுவதற்கு ஒரு நாய்க்கு அவ்வளவு சாமர்த்தியமா?

திரையில் மேனேஜர் காலை நக்கியது. நக்கிய காலை முகர்ந்து பார்த்தது. பிறகு மறுபடி நக்கியது. செயலாளர் தன் பதவியை மறந்து திரைக்கு அருகே குனிந்தார். இவ்வளவு நேரம் யாரும் சம்பளமில்லாமல் ஒரு காலை நக்கி அவர் பார்த்ததில்லை போலும்.

அப்போது ஊளை கேட்டது.

நீளமாக, படிக்கட்டுச் சுவரெல்லாம் ஏறி இறங்கி, மெல்லத் தேய்ந்தது.

செயலாளர் சட்டென்று நிமிர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழு கேட்டுவிட்டது என்று அறிவித்தார்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேனேஜரின் வாய் மூடித்தான் இருந்தது. காதுகள் மட்டும் எழுந்திருந்தன.

காட்டினாள். படம் தாமதமாக வரும், சத்தம் முந்திக்கொள்ளும், இதெல்லாம் தொழில்நுட்பம் என்று அவர் விளக்கினார்.

இருவரும் படத்துக்காகக் காத்திருந்தார்கள். மேனேஜர் வாயைத் திறக்கவேயில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கூரையைப் பார்த்தது.

மறுபடி ஊளை.

அவள் பூட்டைத் திறந்துவிட்டாள்.

மேனேஜர் சத்தமே போடாமல் வெளியே வந்தது. அவள் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டு, செயலாளரின் கால்களுக்கிடையே நுழைந்து போய், மேலே ஏறும் படியில் முன்னங்கால்களை வைத்து நின்றது. வால் ஆடவில்லை. என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் அதற்கு.

மூன்றாம் முறை அது ஊளையாகத் தொடங்கி, பாதியில் ஒரு பெயராக மாறியது.

“சின்னூ… டேய் சின்னூ…”

இந்தக் கட்டடத்தில் அப்படி யாரும் இல்லையே என்று அவள் யோசித்தாள். பிறகு செயலாளரின் முகத்தைப் பார்த்தாள்.

நான்காவது மாடியில் ஒரே ஒரு வீடு. அதில் அவரும், போன வருஷம் அம்மா போன பிறகு சொந்த வீட்டைப் பூட்டி அவர் அழைத்து வந்த அப்பாவும்தான். அவர் திரும்பி வரும்போதெல்லாம் அப்பா வாசலைப் பார்த்த நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். நல்ல ஒழுக்கம் என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

செயலாளர் இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறினார். திருப்பத்தில் நின்றார். ஒரு படி இறங்கினார்.

குரலில் சுற்றறிக்கை இல்லை.

“இது அழாம இருக்க முதல்ல என்னம்மா பண்ணீங்க?”