கடையாணி

மலைவீட்டுக்கு விலை பேசப் போன அன்று, வீட்டுக்காரர் எட்வின் காபி போட உள்ளே போன நேரத்தில், நிலவறையில் வீட்டைச் சூடாக்க வைத்திருந்த கணப்பு உலையின் கடையாணியை உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார் கனகவேல் அண்ணாச்சி. கரியைத் தானாகவே நெருப்புக்குத் தள்ளும் தண்டு, ஆணி இல்லாததால், எட்வின் சுவிட்சைப் போட்டபோது அசையவில்லை. "குளிருக்குப் பயந்து வாங்குற வீட்டுல ஓடாத உலையா?" என்று உதட்டைப் பிதுக்கியே வீட்டை அடிமாட்டு விலைக்கு முடித்தார்.

குடிவந்த மறுநாள், ஆணியை மாட்ட அவர் கீழே இறங்குவதற்குள் எட்வின் ஸ்பானரோடு வந்து நின்றார்.

"கெட்ட சாமானை உங்க தலையில கட்டிட்டேன் அண்ணாச்சி. தூக்கமே வரலை."

சில்லிட்ட தரையில் மல்லாந்து படுத்து, தண்டுக்கடியில் கைவிட்டுத் துழாவினார். "ஆணியைக் காணோமே. கரியில விழுந்திருக்குமோ?"

கோட்டுப் பைக்குள் அண்ணாச்சியின் விரல்கள் ஆணியை இறுக்கிக்கொண்டிருந்தன. வியாபாரத்தில் சரக்கைப் பார்க்காமலே சத்தியம் செய்யக்கூடியவர், கரி அப்பிய அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தார். கரிக்குவியலைக் கிளறுவதுபோல் கிளறி, "இதுவா பாருங்க சார்," என்று நீட்டினார்.

துடைக்கத் துணியை எடுத்த எட்வின், துடைக்கவில்லை. ஆணியை உள்ளங்கையில் மூடிக் கொஞ்சநேரம் வைத்திருந்தார்.

"வெதுவெதுன்னு இருக்கே அண்ணாச்சி," என்றார்.

உலையை இன்னும் பற்றவைக்கவில்லை.