ஐந்து பத்துக்கு ஒரு பொறை

ஐந்து பத்துக்கு வெடிக்க வேண்டிய வெடி வெடிக்கவில்லை.

தட்டச்சுப் பயிலகத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. வெற்றிச்செல்வியின் விரல்கள் மட்டும் நின்றுவிட்டன.

அரியலூரில் தினமும் அந்த நேரத்துக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். தரை ஒருமுறை குலுங்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பிறகு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

சிமிட்டியைத் தவிர.

சிமிட்டி இரண்டரை மாத நாய்க்குட்டி. சிமெண்ட் லாரிக்கு அடியில் கிடைத்தது, நிறமும் சிமெண்ட்தான். வெற்றிச்செல்வியின் மாடியறைக்கு வந்த அன்று, வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் புகுந்து இருபது நிமிடம் ஊளையிட்டது. கீழே பெயிண்ட் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் கருப்பண்ணன் மாடிப்படியில் பாதி ஏறி நின்றார்.

"இந்தா பாரும்மா, இன்னொரு நாள் ஊளைச் சத்தம் கேட்டுச்சு, நாயும் நீயும் சேர்ந்தே கெளம்பிருங்க. யாவாரம் நடக்குற எடத்துல எழவு வூடு மாதிரி!"

நாயோடு வரும் பெண்ணுக்கு இந்த ஊரில் இன்னொரு அறை கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

வெற்றிச்செல்வி எதையும் வரிசைப்படி செய்கிறவள். செய்து முடித்ததும், சரியாகச் செய்தோமா என்று சந்தேகப்படுகிறவள். மூன்று வாரம் வகுப்புக்குப் போகாமல், வெடி வெடித்த மறுநொடி டீக்கடைப் பொறை ரொட்டி ஒன்றைக் குட்டியின் முன்னால் வைத்தாள்.

ஐந்தாம் நாள் குட்டி கட்டிலடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டியது. பதினோராம் நாள் வாலை ஆட்டியது. இருபதாம் நாள் ஐந்து மணிக்கே ஜன்னலடியில் உட்கார்ந்து, சுரங்கம் இருக்கும் திசையைப் பார்த்து எச்சில் வடித்தது.

ஞாயிறுகளில் வெடி கிடையாது. அன்றைக்குக் கருப்பண்ணன் ஐந்து மணிக்கே கடையைச் சாத்துவார். அவர் ஷட்டரை இழுத்துவிடுகிற வேகத்தில் மாடியறை அதே மாதிரி அதிரும். குட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்கும் ஒரு பொறை.

இன்றுதான் குட்டி முதன்முதலாகத் தனியே இருக்கிறது.

வகுப்புக்குக் கிளம்புமுன் ஒயர்களைச் சுருட்டி மேலே கட்டினாள். செருப்பு, பினாயில், தீப்பெட்டி எல்லாம் பரணுக்குப் போயின. கவிழாத மண்சட்டியில் தண்ணீர் வைத்தாள். குட்டியின் உயரத்துக்குக் குப்புறப் படுத்து அறை முழுக்க ஊர்ந்து பார்த்ததில் ஒரு குண்டூசி கிடைத்தது. பூட்டினாள், திறந்து பார்த்தாள், மறுபடி பூட்டினாள். கருப்பண்ணனின் மனைவி மருதாயியிடம் ஒரு பாக்கெட் பொறையைக் கொடுத்தாள்.

"வெடி போட்டதும் ஜன்னல் வழியா ஒண்ணே ஒண்ணு போடுங்கக்கா. அதுக்கு முன்னாடி கேட்டுச்சுன்னா குடுத்துராதீங்க. பழக்கம் கெட்டுரும்."

"நீ போ தாயி. பெத்த புள்ளைய வுட்டுட்டுப் போறவகூட இம்மாஞ் சட்டம் பேச மாட்டா."

வெடியே வெடிக்காவிட்டால் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

ஐந்து இருபது. ஐந்து முப்பத்தைந்து. அவள் கையைத் தூக்கினாள்.

"சார், இன்னிக்கு வெடி போடலியே?"

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "போட்டா ஒனக்கென்னம்மா, போடலைன்னா ஒனக்கென்ன?"

"குட்டி காத்துக்கிட்டிருக்கும் சார்."

பதினான்கு தட்டச்சு இயந்திரங்களும் ஒன்றாக நின்றன. அதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள்.

ஓடும்போதே ஊளைச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டாள். தெருமுனை வந்தும் கேட்கவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

இன்று செவ்வாய்க்கிழமை, ஆறு மணிகூட ஆகவில்லை; அதற்குள் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வெளியே மூன்று பேர் நின்றார்கள்.

"என்னான்னே தெரியலம்மா," என்றார் காலி வாளி வைத்திருந்தவர். "சாத்துறாரு, மாடிக்கு ஓடுறாரு, வந்து தொறக்குறாரு, மறுபடி சாத்துறாரு. ஒரு லிட்டர் பிரைமர் கேட்டதுக்குக் கடிக்க வர்றாரு."

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

ஜன்னலுக்கு வெளியே மாடி வராந்தாவில், கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின்மேல் கருப்பண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மடியில் பொறை பாக்கெட். உள்ளே சிமிட்டி வயிறு உப்பி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"வெடி போடாம பொறை போட மாட்டேன்னு மருதாயி ஒத்தக் கால்ல நின்னுட்டா. நீ சொன்ன சட்டமாம். இது ஊளைக்கு வாயத் தொறந்துச்சு. ஞாயித்துக்கெழமை ஷட்டர் சத்தத்துக்கும் நீ பொறை போடுறது ஞாபகம் வந்து, கீழ எறங்கி ஷட்டர இழுத்து வுட்டேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒம்போது தடவ."

"ஒரு தடவை போதுமேண்ணே?"

"இன்னொண்ணு கேட்டு அது என்னப் பாத்த பார்வைய நீ பாத்திருக்கணும்."

கிளம்பச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கும் கிளாஸ் உண்டுல்ல?"

அவள் வாயைத் திறந்தபோது வெடி வெடித்தது. தரை குலுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

சிமிட்டி கண்ணைத் திறக்கவில்லை.

கருப்பண்ணனின் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. கடைசிப் பொறையை எடுத்தார். தூங்குகிற குட்டியைப் பார்த்தார். பிறகு தன் வாயில் போட்டுக்கொண்டார்.