ஊர் கேட்டது

அவன் கையை உயர்த்தினான்.

அறையில் உயர்ந்த கை அது ஒன்றுதான்.

நீதிபதி கேட்ட கேள்வி சின்னது. ஜூரித் தெரிவுக்கு வந்திருப்பவர்களில் யாராவது, இந்த வழக்கோடு தொடர்புள்ள ஒருவருடன் பேசியிருக்கிறீர்களா?

பேசியிருந்தான். அரை மணி நேரத்துக்கு முன், வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது. பக்கத்தில் இருந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் எந்த ஊர்?"

"புலோலி."

"நாங்கள் அல்வாய், பக்கத்து ஊர்தான்," என்றார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அதோடு சரி. அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஜூரர்களை எடுத்து முடியும்வரை உறவினர்களுக்கு உள்ளே இடமில்லை.

கூண்டில் இருந்த பையனைக் கண்டபோதுதான் அவனுக்குத் திக்கென்றது. அந்த அம்மாவின் அதே மூக்கு, அதே நாடி. பெயர் நிருஜன், வயது இருபத்துமூன்று, குற்றச்சாட்டு கொலை.

பேசாமல் இருந்திருக்கலாம். அவனுக்கு அது வராது. வேலைக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் தானே போய் மேலாளரிடம் சொல்லுகிற ஆள்.

நீதிபதி அவனை முன்னால் அழைத்தார். அந்தப் பெண்மணி என்ன கேட்டார்?

எந்த ஊர் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? இந்த நாட்டவரிடம் ஊர் என்று ஒன்று இல்லையே.

நான் எங்கே இருப்பவன் என்று கேட்டார் என்றான். சொன்னேன் என்றான். தாங்களும் பக்கத்தில்தான் என்றார் என்றான்.

சொன்ன பிறகுதான் அது ஒரு மிரட்டல் போல அவன் காதிலேயே விழுந்தது.

அரச தரப்பு வழக்கறிஞர் குனிந்து எழுதினார்.

இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் கேட்பது அதைத்தான் என்று விளக்கினான். விளக்க விளக்க மோசமாகிக்கொண்டே போனது.

உண்மையைச் சொன்னதற்கு நீதிபதி நன்றி சொன்னார். அவன் வீட்டுக்குப் போகலாம் என்றார். அந்த அம்மா வழக்கு முடியும்வரை உள்ளே வரக்கூடாது என்றார்.

சும்மா இருந்திருக்கலாமே என்று நினைத்தான். நினைத்ததற்காக வெட்கமும் பட்டான்.

லிப்டுக்குப் பக்கத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். காவலர் ஒருவர் அப்போதுதான் விளங்கப்படுத்திவிட்டுப் போயிருந்தார்.

"தம்பி, நான் ஜூரியோட கதைச்சிட்டனாம். இனி உள்ளுக்கு விடமாட்டினமாம்."

அவன் தலையசைத்தான்.

"பதினாலு மாசமாப் பிள்ளையைக் கண்ணாடிக்கு அங்காலதான் பாத்தனான். வழக்கு நடக்கிற ஆறு கிழமையும் அவனுக்குப் பின்னால இருக்கலாமெண்டுதான் வேலையையும் விட்டனான்."

லிப்ட் வந்தது. கதவு திறந்து மூடியது. இருவரும் ஏறவில்லை.

"காலமை நாலு தமிழ் ஆக்களோட கதைச்சனான். எல்லாரிட்டையும் ஊர்தான் கேட்டனான். வேற ஒண்டும் கேக்கேல்லை."

நாலு பேர்.

உயர்ந்தது ஒரு கைதான்.

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர்க்காரனின் கையைப் பிடிப்பது போலத்தான் பிடித்தார்.

"நீங்கள் உள்ளுக்கு இருந்தனீங்கள்தானே. ஆர் தம்பி போய்ச் சொன்னது?"

"தெரியாதம்மா," என்றான்.