மெட்ராஸ் கடுதாசி

பாத்திரக் கடையைச் சாத்திவிட்டு வந்த சம்பந்தம், பார்வை மங்கிப்போன மனைவி உண்ணாமலையின் கட்டிலருகே உட்கார்ந்து கடுதாசியைப் பிரித்தார்.

"மெட்ராஸ்லேர்ந்து உம் பொண்ணு இன்னா எழுதியிருக்கா கேளு. 'பங்குனி வெயில் ஏறுறதுக்குள்ள ஊரைச் சுத்திப் பார்க்குறோம் நைனா. குழந்தையைத் தூக்கிக்கினு கிண்டியில மான் பார்த்தோம். மெரினாவுல சுண்டல் சாப்ட்டோம்.'"

"குழந்தைக்குக் கடல்காத்து ஒத்துக்குமா?" என்றாள் உண்ணாமலை.

"அதெல்லாம் ஒத்துக்கும்."

சம்பந்தம் காகிதத்தை மடித்தார். அதில் ஓர் எழுத்தும் இல்லை. தை மாதமே பிரசவத்தில் மகள் சுலோச்சனாவும் குழந்தையும் இறந்து, மெட்ராஸிலேயே காரியமும் முடிந்துவிட்டது. மனைவியின் இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னதால், வாரம் ஒரு கடுதாசியை அவரே கற்பனையாகப் படித்துவந்தார்.

"மத்தியானம் தபால்காரர் இன்னொண்ணு குடுத்துட்டுப் போனாரு. அதையும் படிங்க."

உண்ணாமலை நீட்டிய இன்லண்டில் மகளின் கையெழுத்து இருந்தது. முந்தாநாள் தேதி. அவர் அதைப் பிரித்துப் படித்தார்.

"'பொருட்காட்சிக்குப் போனோம் நைனா. ராட்டினத்துல ஏறினோம். குழந்தை அழவே இல்ல...'"

"அப்புறம்?"

அடுத்த வரியை அவரால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை.

'இனிமே நீங்க சிரமப்பட்டுச் சொல்ல வேணாம். வாரா வாரம் நானே எழுதுறேன்.'