சுட்டால் சொல்லணும்

"சுட்டா வாயத் திறந்து சொல்லுங்க. ஊமையாட்டம் கெடக்காதீய."

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நின்றபடி இசக்கித்தாய் புருஷனிடம் சண்டை போட்டாள். மூக்காண்டியின் இடது கன்னத்தில் கேன்சர் கட்டி. அதன் மேல், போன தடவை ஆஸ்பத்திரியில் வெந்த கொப்புளம் இப்போதுதான் காய்ந்திருந்தது.

"கொதிக்குத சாயக் கொப்பரையில கைய விட்டவன்ட்டி நான். இதெல்லாம் ஒரு சூடா?"

"ஆமா, பெரிய வீரரு! தோலு வெந்து வழியுத வரைக்கும் 'சுடல டாக்டர், சுடல டாக்டர்'னு சொன்னியளே. மொதல்ல சூடு வச்சு, பெறவு ரேடியேசன் கரண்டு வச்சாத்தான் கட்டி கரையுமாம். இன்னொரு தடவை வெந்தா சூட்டை நிப்பாட்டிருவேன்னுட்டாரு. வெறும் கரண்டுக்கு இந்தக் கட்டி அடங்காதாம். கேட்டியளா?"

அவன் பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தான்.

"ஆவணியில மகளுக்குக் கல்யாணம். அதப் பாக்க உசுரோட இருக்க வேண்டாமா?"

"அதுக்குத்தாம்ட்டி எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

பஸ் வந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கன்னத்தில் சூட்டுத் தகட்டை வைத்துக் கட்டினார்.

"இது ஒண்ணும் நேர்த்திக்கடன் இல்ல மூக்காண்டி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க. சுட்டா உடனே சொல்லணும்."

"சரிங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கதவோரம் நின்ற இசக்கித்தாய் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் போயிற்று.

"சுடுது டாக்டர்! ரொம்பச் சுடுது. கொறைங்க!"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு வழியாக வீம்பை விட்டான். இனி சூட்டை நிறுத்த மாட்டார்கள். மனுஷன் பிழைத்துக்கொள்வான்.

டாக்டர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"வோல்டேஜ் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் சுவிட்சே போடலையே."

டாக்டர் தகட்டை அவிழ்த்தார். ஓர் ஊசியை எடுத்து அவன் கன்னத்தில் குத்தினார். ரத்தம் துளிர்த்தது. மூக்காண்டி கண்ணை மூடியபடியே படுத்திருந்தான்.

"இந்த இடம் மரத்துப் போய் எவ்வளவு நாளாச்சு?"

"கட்டி வாரதுக்கு முந்தியே" என்றான் மூக்காண்டி. "கேன்சருல நான் செத்தாலும் எம் மக கல்யாணம் நடக்கும் டாக்டர். குஷ்டமும் இருக்குன்னு தெரிஞ்சா நடக்காது."