நிழல் ராசா

நிழல் ராசாவை யாரோ கொன்றுவிட்டார்கள் என்பது வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் ஸஜாத்துக்குத் தெரிய வந்தது.

"எவன்டா அவன்?" என்று அவன் போட்ட சத்தத்தில், வாசலில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்த மச்சினன் கச்சிமுகம்மது வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். ஸஜாத் கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த கேம் மெசினையே வெறித்துக்கொண்டிருந்தான்.

டோஹாவிலிருந்து கூட்டாளி அனுப்பிய உள்ளங்கையளவு மெசின். அதில் ஒரே ஒரு கேம். வாளோடு புறப்படும் ஒரு பொடியன் ஊர் ஊராய் அலைந்து, பேய்களோடு சண்டை பிடித்து, லெவல் ஏறி, கடைசியில் கோட்டைக்குள் இருக்கும் நிழல் ராசாவைக் கொல்ல வேண்டும்.

ஒரு மாதமாகப் பொடியன் கோட்டைக் கதவடியிலேயே நின்றான். நேற்றிரவும் அங்கேதான் நிறுத்தி வைத்துவிட்டு ஸஜாத் படுத்தான். சுபஹு தொழுதுவிட்டு வந்து, ஒரு கண் அயர்ந்து எழும்பிப் பார்த்தால், பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் மின்னுகிறது. கேம் முடிந்துவிட்டது.

"எம்பத்தெட்டு மணித்தியாலம் மச்சான்!" ஸஜாத் மெசினை அவனுடைய மூக்கடியில் நீட்டினான். "பத்து அடி நடந்தா ஒரு சண்டை. மெப் ஒண்டு ஒழுங்கா இல்ல. கடையில மருந்து வாங்கப் போனாலும் ஆயிரம் கேள்வி. எல்லாத்தையும் பொறுத்த என்னத்துக்கு? அந்த முடிவப் பாக்கத்தானே!"

"பாட்டு நல்லமெண்டு சென்னீங்களே மச்சான்."

"பாட்ட வச்சி என்ன செய்யிற? முடிவ நீ பாத்திட்டாய். எனக்கு நட்சத்திரம் மட்டும்!"

"வல்லாஹி நான் தொடல்ல!"

"மறுகா இந்த மஞ்சக் கறை எப்படி வந்த? கறி தின்ட கையோட பொத்தான அமத்தியிரிக்காய்!"

கச்சிமுகம்மது கறி என்றால் கையை விடாமல் நக்குகிறவன்தான். ஆனால் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நின்றவனுக்கு இந்தப் பழி பொறுக்கவில்லை. மெசினைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ராவு எத்தின மணித்தியாலம் காட்டின?"

"எம்பத்தெட்டும் பத்து நிமிசமும்."

"இப்ப எம்பத்தெட்டும் இருவத்திரெண்டு."

"அதுக்கென்ன இப்ப?" ஸஜாத்தின் ஆத்திரத்தில் எந்தக் கணக்கும் ஏறவில்லை. "லேசுப்பட்ட ராசாவா அவன்? ஒரு ஊதில நாலு பேர எரிக்கிறவன். லெவல் காணாதெண்டு நான் திரும்பத் திரும்பக் காட்டுக்குள்ள போய் ஏத்திட்டிரிந்த. எவனோ வந்து பூந்திட்டான்!"

அம்ஹா தேத்தண்ணியைக் கொண்டுவந்து கணவனுக்கு முன்னால் வைத்தாள். காலையிலேயே அபாயா போட்டிருந்தாள்.

"சும்மா அவனுக்கு ஏசாதீங்க. இண்டைக்கு மதினிட புள்ள பொறந்து நாப்பது. ஞாபகம் இரிக்கா?"

ஸஜாத் மச்சினன் கையிலிருந்த மெசினைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

மதினி என்றது பொத்துவிலில் இருக்கும் அவனுடைய அக்கா, முனவ்வறா ராத்தாவை. சுனாமியன்று அவளுடைய நாலு வயது மகன் ஸஜாத்தின் கையில்தான் இருந்தான். கடல் அந்தக் கையிலிருந்துதான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவன் ராத்தாவின் வாசலை மிதிக்கவில்லை. கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்த அன்றும் அவளுடைய முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

போகாததற்குச் சாக்காக முதலில் றோட்டில் சண்டை என்றான், செக்பொயின்ட் என்றான். போன மாதம் நாட்டில் சண்டை முடிந்தது. அதே கிழமை முனவ்வறாவுக்கு மறுபடியும் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. "நாப்பதுக்கு மாமா வந்து தூக்கட்டும்" என்று அவள் தினமும் போன் எடுத்தாள். அம்ஹாவின் நச்சரிப்புத் தாங்காமல் ஸஜாத் ஒருநாள் சத்தியம் செய்தான்: "இந்த ராசா சாகட்டும். வல்லாஹி, அண்டைக்கே வாறன்."

"புள்ளைக்கு நாப்பதெண்டா நான் என்ன செய்யிற?" இப்போது எரிந்து விழுந்தான். "என்ட முடிவக் களவெடுத்திட்டானுகள் எண்டு நான் வயிறெரிஞ்சி நிக்கிறன்!"

"முடிவுல பெரிசா ஒண்டுமில்ல" என்றாள் அம்ஹா. "பொடியன் வாள வச்சிப்போட்டு ஊட்ட போறான். உள்ளுக்கிருந்து ஆரோ கதவத் திறக்கிறாங்க. மறுகா பேரெல்லாம் ஓடுது. அவ்வளவுதான்."

விட்டால் போதும் என்று கச்சிமுகம்மது வாளியைத் தேடிப் போய்விட்டான். ஸஜாத்தின் பார்வை மனைவியின் விரல்களில் விழுந்தது. நகமெல்லாம் மஞ்சள்.

"நீயா?"

"ஓம். நீங்க சுபஹுக்குப் போன நேரம். மதினி ஊட்டுக்குக் கொண்டுபோகக் கறி அடுப்புல கிடந்த."

"பொய்! நீ ஒருநாளும் இதத் தொட்டதே இல்ல. பக்கத்தில இருந்து பாத்ததுதான். அவன நானே பயந்து பயந்து… அவன் லேசுல சாகிற ஆள் இல்ல அம்ஹா. எப்படிக் கொன்ட?"

அம்ஹா குழந்தைக்கு வாங்கிய சின்னச் சட்டை இருந்த பையை எடுத்து அவனுடைய மடியில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், வாசலில் நிற்கும் தம்பிக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்:

"லெவல் எப்பவோ காணும். ஆறே வெட்டுத்தான்."