கல்யாணச் சட்டைத் துணி

மழை விட்ட வெயில் அவளுடைய தையல் மெஷின் சக்கரத்தில் பளபளக்கிறது. எதிர்க்கடைத் தையல்காரன் வெள்ளைத் துணியும் கையுமாக வாசலில் நிற்கிறான். இவள் தைத்தது ஒரு துவைப்புக்குத் தாங்காது என்று தெருவெல்லாம் கதை கட்டியவன். போன மாதம் வீடு வீடாகப் போய், அதெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டு வந்தவனும் அவன்தான். “கல்யாணச் சட்டை ஒண்ணு தைக்கணும்” என்கிறான். “யாருக்குக் கல்யாணம்?” “தைக்கிறவங்க சரின்னு சொன்னா எனக்குத்தான்.” அவள் வாயில் கவ்வியிருந்த நூலை எடுக்கிறாள். “ஒரே துவைப்புல கிழிஞ்சா?” “கிழிஞ்சதையே போட்டுக்கிறேன்.” சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு அவன் மார்பைச் சுற்றி டேப்பை இழுக்கிறாள். அதற்கடியில் அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒருமுறை அளந்தால் மறக்காதவளுக்கு, டேப்பை எடுத்ததுமே அளவு மறந்துபோகிறது. மறுபடியும் அளக்கிறாள், இந்த முறை மெதுவாக.